பாகம் தேர்ந்து தரும் கருவியும் மதுரை வெயிலும்

அசெம்பிள் செய்யும் கணினிக்கு ஏழெட்டுப் பாகங்களைத் தனித்தனியாக வாங்க வேண்டும்: பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட், கூலர். இவற்றில் எது எதோடு சேரும், எது சேராது என்று சரிபார்த்துப் பட்டியல் தரும் மென்பொருளுக்குக் கான்ஃபிகரேட்டர் என்று பெயர். இந்த வகையில் பலரும் அறிந்தது, அமெரிக்காவில் ஃபிலிப் கார்மைக்கேல் 2011-இல் தொடங்கிய பிசிபார்ட்பிக்கர். ரூபாயில் விலை காட்டும் இந்தியப் பிரிவும் அதற்கு உண்டு. மதுரையில் கடைக்காரர் தன் அனுபவத்தை வைத்துக் கொட்டேஷன் தாளில் எழுதித் தரும் பட்டியலை, இன்று கல்லூரி மாணவர்களும் ஸ்டுடியோக்காரர்களும் கைபேசியில் தாங்களே போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள்.

வேலை எளிதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் அதன் அளவு புரியும். சந்தையில் 40 பிராசஸர், 60 மதர்போர்டு, 30 வகை ராம், 40 கிராபிக்ஸ் கார்டு, 30 எஸ்எம்பிஎஸ், 50 கேபினெட் இருப்பதாகக் கொண்டால், இவற்றைச் சேர்க்கும் வழிகள் 432 கோடி. அதில் பெரும்பகுதி ஒன்றோடொன்று சேராதவை. ஒவ்வொன்றாகச் சோதிப்பது வீண் வேலை என்பதால், ஒரு பாகம் முடிவானதும் அதனோடு சேராத அனைத்தையும் கருவி ஒரேயடியாகக் கழித்துவிடும். ஏஎம்5 சாக்கெட் பிராசஸரைத் தொட்டவுடன் எல்ஜிஏ1700, ஏஎம்4 மதர்போர்டுகள் பட்டியலிலிருந்து மறையும். ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்பதால் டிடிஆர்4 ராம்களும் கூடவே போகும். இப்படி ஒரு தேர்வின் விளைவை அடுத்தடுத்த தேர்வுகளுக்குக் கடத்தும் முறையைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் மேக்வொர்த் 1977-இல் கணிதமாக வரையறுத்தார். கணினி அறிவியல் மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

கணினியைக் கொண்டே கணினிக்குப் பாகம் தேரும் முயற்சி அதே காலத்தில் தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் தன் வாக்ஸ் கணினிகளை வாடிக்கையாளர் கேட்ட பாகங்களைக் கோத்து விற்றது. விற்பனையாளர் எழுதிய ஆர்டரில் ஒரு கேபிளோ ஒரு கட்டுப்பாட்டு அட்டையோ விடுபட்டால், இயந்திரம் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் 1978-இல் இதற்கு ஆர்1 என்ற நிரலை எழுதினார். எக்ஸ்கான் என்று பின்னர் அறியப்பட்ட அது, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற வடிவிலான விதிகளால் ஆனது. ஆர்டரில் விடுபட்டதைச் சேர்க்கும். எந்தப் பெட்டியில் எந்த அட்டை, எந்தக் கேபிள் எங்கே என்று வரைந்தும் தரும். 1986-க்குள் விதிகள் ஏறத்தாழ 2,500 ஆயின. 80,000 ஆர்டர்களைக் கையாண்டிருந்தது. துல்லியம் 95 முதல் 98 விழுக்காடு. வணிகத்தில் வென்ற முதல் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களில் இதற்குத் தனி இடம் உண்டு. அதன் சுமையும் அப்போதே தெரிந்தது: புதுப் பாகம் வரும்போதெல்லாம் விதிகளை ஆட்கள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. இன்றைய கருவிகளின் தரமும், பின்னணியில் தகவலைப் புதுப்பிப்பவர்களின் உழைப்பில்தான் இருக்கிறது.

கருவி பார்க்கும் பொருத்தங்களில் சில வெறும் அளவுகள். ஏடிஎக்ஸ் பலகை 305க்கு 244 மி.மீ.; மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. கூலரின் உயரம் கேபினெட்டின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். நோக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய கூலர் 165 மி.மீ. நிற்கும். வேறு சில கண்ணுக்குத் தெரியாதவை. ஏஎம்4 சாக்கெட் கொண்ட பழைய பி450 பலகையில் ரைசன் 5000 வரிசைப் பிராசஸர் உட்கார்ந்துவிடும்; ஆனால் பயோஸைப் புதுப்பிக்காவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். சில பலகைகளில் ஒரு எம்.2 துளையில் எஸ்எஸ்டியைச் செருகினால் இரண்டு சாட்டா இணைப்புகள் செயலிழக்கும். நல்ல கருவி இவற்றை எச்சரிக்கையாகக் காட்டும். அந்தக் குறிப்பைப் படிக்காமல், 'பொருந்தும்' என்று காட்டும் பச்சை நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏராளம்.

மின்சாரக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். கருவி பெரும்பாலும் தயாரிப்பாளர் அறிவித்த வாட் அளவுகளைக் கூட்டிச் சொல்கிறது. 125 வாட் என்று குறிக்கப்பட்ட கோர் ஐ9-14900கே, முழுச்சுமையில் 253 வாட் வரை இழுக்கும். 65 வாட் ரைசன் 5 7600-க்கு உச்சம் 88 வாட். கிராபிக்ஸ் கார்டுகள் நொடியின் மிகச் சிறு துளியில் தம் அளவைத் தாண்டிப் பாய்வதால்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், எஸ்எம்பிஎஸ் தன் திறனைப் போல் இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று விதித்தது. கருவி சொல்லும் கூட்டுத்தொகைக்கு மேல் நல்ல இடைவெளி விட்டு எஸ்எம்பிஎஸ் வாங்குவது அவசியம்.

இவ்வளவும் பாகத்துக்கும் பாகத்துக்கும் உள்ள உறவு. பாகத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவைக் கருவி கேட்பதே இல்லை. கூலர் வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கடத்துகிறது. எனவே பிராசஸரின் சூடு, அறையின் சூட்டோடு ஏறக்குறைய அதே அளவில் ஏறும். 22 டிகிரி அறையில் 72 டிகிரி காட்டிய பிராசஸர், சித்திரை வெயிலில் 38 டிகிரி தகிக்கும் மாடி அறையில் 88-ஐ நெருங்கும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றின் எல்லை 95 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது. ஆடிக் காற்று கிளப்பும் புழுதி கூலரின் இடுக்குகளை அடைத்தால் நிலைமை மோசமாகும். மதுரைச் சமவெளியில் ஏசி இல்லாத அறைக்கு, கண்ணாடி முகப்பு கேபினெட்டைவிட வலை முகப்பும் கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டியும் கொண்டதே ஏற்றது.

மின்தடையைப் பற்றியும் கருவி கேட்பதில்லை. வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட். உச்சச் சுமையில் ஓடும் கணினி அதைத் தாண்டினால், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும். சதுர அலை தரும் இன்வெர்ட்டரோடு மின்னிழுப்பைச் சீராக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போவதில்லை. எஸ்எம்பிஎஸ் உயர்ந்த ரகம், யுபிஎஸ்ஸும் வேலை செய்கிறது, ஆனால் இரண்டும் சேர்ந்தால் கணினி நிற்கிறது என்ற குழப்பத்துக்குப் பல வேளைகளில் காரணம் இதுவே.

செய்யப்போகும் வேலையைக் கருவி அறியாதது எல்லாவற்றிலும் பெரிய குறை. கீழமாசி வீதி மொத்தக் கடையில் டேலி போடும் கணினிக்கு எளிய பிராசஸரும் எஸ்எஸ்டியும் போதும். கல்யாண வீடியோ எடிட்டிங் அப்படியல்ல. இப்போதைய கேமராக்கள் பல, 4:2:2 நிற அமைப்பில் 10-பிட் எச்.265 கோப்புகளைப் பதிவுசெய்கின்றன. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளால் அவற்றை வன்பொருள் வழியே விரிக்க முடியாது. 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையான இன்டெல் பிராசஸர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸால் முடியும். சில ஆயிரம் மிச்சம் என்று எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸரை வாங்கி ஆர்டிஎக்ஸ் 4060 போட்டால், கருவி எல்லாம் சரி என்றே காட்டும். எஃப் வகையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் வேலை செய்யாது என்பதால், டைம்லைன் தத்தளிக்கும். முகூர்த்த மாதத்தில் ஆல்பமும் வீடியோவும் குவிந்து கிடக்கும் ஸ்டுடியோவுக்கு இது தினசரி இழப்பு.

சாட்ஜிபிடி போன்ற உரையாடல் மென்பொருள்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. வேலை என்ன, அறை எப்படி, யுபிஎஸ் எவ்வளவு என்று தமிழிலேயே சொல்லி ஆலோசனை கேட்கலாம். ஆனால் அவை விதிகளைச் சரிபார்த்து எழுதுவதில்லை. படித்த உரைகளின் போக்கில் எழுதுகின்றன. அதனால் ஏஎம்5 பலகைக்கு டிடிஆர்4 ராமை எழுதிவைக்கவும், கடைகளிலிருந்து மறைந்துவிட்ட மாடலைப் பரிந்துரைக்கவும் வாய்ப்புண்டு. தேவையை வரையறுக்க அவற்றையும், பொருத்தத்தைச் சோதிக்க விதிவழிக் கருவியையும் பயன்படுத்துவதே தக்க வரிசை. பயோஸ் பதிப்பை மட்டும் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் நேராகப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியில் விலை. இத்தகைய தளங்கள் பல, தம் இணைப்பு வழியே நடக்கும் விற்பனையில் கமிஷன் பெறுவதால் இணையக் கடைகளின் விலையையே காட்டும். டவுன்ஹால் ரோட்டுக் கடையின் இருப்பு அதில் வராது. பழுதானால் யார் மாற்றித் தருவார் என்பதும் வராது. சர்வீஸ் மையம் மதுரையில் இல்லாத பிராண்டு என்றால், வாரண்டிக்குள்ளேயே வெளியூருக்குக் கூரியர் அனுப்பிக் காத்திருக்க நேரும். இடத்திலேயே மாற்றித் தரும் உள்ளூர்க் கடையில் சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அது நியாயமான செலவு. தொழிலுக்கு வாங்குபவர்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினால், செலுத்திய 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். பாகங்களின் வரிசை எண்கள் அந்தப் பில்லில் இருந்தால் வாரண்டி கேட்கவும் அதுவே சான்று.