விடியற்புறத்து விண்ணோசை

மழைக் காலத்தில் தூரத்தே மின்னல் வெட்டும்போது வீட்டு வானொலிப் பெட்டி 'கரகர'வென்று இரைவதைக் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகள் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். பெட்டியில் பிழையில்லை சகோதரிகளே! மின்னலும் வானொலி அலைகளை அனுப்புகின்றது.

முதலாம் உலக யுத்தத்தில் எதிரிகளின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்ட ஜேர்மன் விஞ்ஞானி பார்க்ஹவுசனுக்கு, இடையிடையே உச்சத்தில் தொடங்கித் தாழ்ந்து செல்லும் ஒரு சீழ்க்கை கேட்டது. குண்டு பறக்கும் சத்தமென்று போர்வீரர் சொல்லிக்கொண்டார்களாம். 1953இல்தான் ஓவன் ஸ்டோரி என்பவர் சரியான விளக்கம் தந்தார். மின்னலில் பிறந்த அலை பூமியின் காந்தக் கோடுகள் வழியே விண்ணில் ஏறி, பூமியின் மறுபாதியில் இறங்குகின்றது. வழியிலுள்ள மின்னேற்றத் துகள்களாலான பிளாஸ்மா உயர்ந்த சுருதியை முந்தவிட்டுத் தாழ்ந்ததைப் பிந்த வைக்கின்றது. சீழ்க்கையின் இரகசியம் இவ்வளவுதான்.

மின்னலோடு சம்பந்தமில்லாத இன்னோர் ஓசையும் உண்டு. அதற்குக் 'கோரஸ்' என்று பெயர். ஒலிபெருக்கியில் கேட்டால், சுபஹு வேளையில் மரத்தில் குருவிகள் கூடிக் கத்துவது போலிருக்கும். விண்ணில் காற்றில்லையே, சத்தம் எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே சத்தம் இல்லை. இருப்பவை மின்காந்த அலைகள். அவற்றின் அதிர்வெண் நமது காதுக்கு எட்டும் அளவில் இருப்பதால், கருவி அவற்றை ஒலியாக்கித் தருகின்றது.

சூரியனிலிருந்து வெடித்துப் பாயும் வாயு மேகம் ஓரிரு நாட்களில் வந்து பூமியின் காந்தப்புலத்தை மோதினால் காந்தப் புயல் எழும். அப்போது இரவுப் பக்கத்து இலத்திரன்கள் பூமியை நோக்கித் தள்ளப்பட்டுக் கிழக்காக நகர்ந்து விடியற்பக்கத்தை அடைகின்றன. கோரஸ் அங்கேதான் பலமாக எழுகின்றது. பிறகு நடப்பதுதான் விந்தை. இலத்திரன்கள் எழுப்பிய அலையே அவற்றுள் சிலவற்றை விரட்டத் தொடங்குகின்றது. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையைத் தருணம் பார்த்துத் தள்ளினால் எவ்வளவு உயரம் போகும்? அப்படியே சில இலத்திரன்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தை அடைந்துவிடுகின்றன. வேறு சில கீழே சிதறி, துருவ வானத்தில் அணைந்தணைந்து எரியும் ஒளியாகின்றன.

இந்த வேகம் வெளியிலிருந்து வருகின்றதா, கதிர்வீச்சு வலயத்துக்குள்ளேயே பிறக்கின்றதா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 2012 ஓகஸ்டில் அமெரிக்கா ஏவிய வான் அலன் இரட்டைச் செய்மதிகள், அவ்வருட ஒக்டோபர் புயலின்போது, உள்ளேயே பிறப்பதைக் கண்டன.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இத்தகைய இலத்திரன்கள் செய்மதியின் சுவரைத் துளைத்து உள்ளே தேங்கும். தேக்கம் மிஞ்சினால் சின்னஞ்சிறு மின்னலாக வெடிக்கும். 1994 ஜனவரி 20ஆம் திகதி கனடாவின் அனிக் ஈ-1 செய்மதி இப்படித்தான் நிலைகுலைந்தது. பின்னர் ஈ-2வும் குலைந்தது. வடபுலத்துப் பனிப்பிரதேசக் கிராமங்களில் தொலைபேசியும் தொலைக்காட்சியும் நின்றுபோயின. முதலாவதைச் சில மணி நேரத்தில் சரிக்கட்டினார்கள். இரண்டாவதைத் தரையிலிருந்தே கட்டளை அனுப்பி நிமிர்த்தி வைக்கப் பல மாதங்கள் பிடித்தன.