நோட்டா, செல்போனா?

நாளைய வீட்டுப்பாடம், பரீட்சை நாள், அடிக்கடி மறந்துபோகும் சூத்திரம் ஆகியவற்றை எதில் குறித்து வைக்கிறீர்கள்? நோட்டிலா, செல்போனிலா? 'எது சிறந்தது?' என்று கேட்பதைவிட, 'எது எப்போது கைவிடும்?' என்று கேட்டுப் பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் சென்னை புளியந்தோப்பில் வெள்ளம் சூழ்ந்தது. நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் நின்றது. மழையில் பாடநூல்களை இழந்த மாணவர்களுக்கு அரசு புதிய நூல்கள் வழங்கியது. ஆனால் நீங்களே எழுதிய குறிப்புகள் போனால் யார் தருவார்கள்?

நீரும் மின்சாரமும்

நோட்டுக்குப் பகை நீர். பவுண்டன் பேனா மையின் சாயம் பெரும்பாலும் நீரில் கரைந்துவிடும். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை கொண்டது, எளிதில் கரையாது. பென்சிலின் கிராஃபைட் நீரில் கரைவதே இல்லை.

செல்போனின் நினைவுச் சில்லில் எலெக்ட்ரான்கள் மின்கடத்தாச் சுவர்களுக்குள் சிறைப்பட்டிருக்கின்றன. ஆகவே பேட்டரி தீர்ந்தாலும் குறிப்பு அழியாது. ஆனால் மீண்டும் சார்ஜ் ஏற்றும்வரை அதைப் படிக்க முடியாது. செல்போனே பழுதானால், வேறிடத்தில் நகல் இருந்தால்தான் பிழைத்தோம்!

சிலேட்டு தந்த பாடம்

புளியந்தோப்புக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் சென்னைத் துறைமுகம் இருக்கிறது. அதன் அலுவலகத்தில் 1912-இல் எழுத்தராகச் சேர்ந்தவர் கணிதமேதை இராமானுஜன். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாததால் அவர் சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். நோட்டு நிலைத்தது, வழிமுறை அழிந்தது. 1920-இல் அவர் மறைந்த பிறகு, அம்முடிவுகளுக்கு நிரூபணம் தேடுவது பலரின் வாழ்நாள் பணியாயிற்று. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் இதற்காக எழுதிய ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன.

செல்போன் திரையும் ஒருவகைச் சிலேட்டுதான். விரல் பட்டால் அழிந்துவிடும்!

ஆகவே, நேரத்துக்கு மணியடித்து நினைவூட்டச் செல்போனை வையுங்கள். வீட்டில் ஒரே செல்போன்தான், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோகிறார் என்றால், சுவரில் ஒரு காலண்டர் போதும். கணக்குகளை வழிமுறையோடு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை அப்பக்கங்களைப் படமெடுத்து, நண்பருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே தாளில் பவுண்டன் பேனா, பால்பாயிண்ட் பேனா, பென்சில் மூன்றாலும் உங்கள் பெயரை எழுதுங்கள். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். மழைக்காலத்துக்கு எது துணை என்பதை அத்தாளே சொல்லும்!