எபிரேய முகத்தலளவைகள்

எபிரேய முகத்தலளவைகள் என்பவை பண்டைய இசுரயேல் மக்கள் தானியம், எண்ணெய், திராட்சைமது முதலியவற்றை அளக்கப் பயன்படுத்திய அளவைகள் ஆகும். உலர்பொருளுக்கு எப்பாவும் நீர்மத்துக்குப் பாத்தும் முதன்மை அலகுகள். இரண்டும் கொள்ளளவில் சமமானவை.

வாய்பாடு

10 ஓமர் = 1 எப்பா
3 சேயா = 1 எப்பா
10 எப்பா = 1 கோமர்

மெட்ரிக் மாற்றம்

மேற்கண்ட விகிதங்கள் உறுதியானவை; லிட்டர் அளவோ மதிப்பீடே. 'பாத்' எனப் பொறிக்கப்பட்ட உடைந்த சாடிகளைக் கொண்டு கணக்கிடப்பட்ட அளவு ஏறத்தாழ 22 லிட்டர் ஆகும். கி.பி. 1 ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பு, ஒரு பாத் 72 செக்சுதாரியசு (உரோம அளவை) என்கிறார். இது ஏறத்தாழ 39 லிட்டர்.

தமிழ் விவிலியத்தில்

பழைய திருப்புதலில் எசேக்கியேல் 45:11, கோமரைக் கலம் எனவும் எப்பாவை மரக்கால் எனவும் குறிக்கிறது. அங்கு மரக்கால் என்பது கலத்தில் பத்தில் ஒரு பங்கு. தமிழ் வாய்பாட்டிலோ 12 மரக்கால் ஒரு கலம் ஆகும். சென்னை மாகாணத்தில் 1846 இல் மரக்கால் 800 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.1 லிட்டர் என வரையறுக்கப்பட்டது. எனவே பெயர் ஒன்றாயினும் அளவு வேறு. விவிலிய மரக்காலை லிட்டராக மாற்றும்போது எப்பாவின் அளவையே கொள்ளவேண்டும்.