இருபது மடங்கு நீண்ட கம்பி

செம்பைத் தட்டத் தட்ட அது இறுகிக்கொண்டே போகும். பாத்திரம் அடிக்கும் கன்னார் அதனால்தான் நடுநடுவே அதை நெருப்பில் காய்ச்சி இளக்கிக்கொள்வார். ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் சேர்ந்த மென்கலவைகள் வேறு ரகம். அறை வெப்பமே அவற்றுக்குச் சூளை. ரேடியோ மெக்கானிக் பற்றவைக்கும் ஈய–வெள்ளீயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கெல்வின் கணக்கில் பார்த்தால், நம் அறை வெப்பமே அதன் உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிவிடுகிறது. அணுக்கள் ஓரளவு இடம் மாற அது போதும்.

1934இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் பியர்சன், ஏறத்தாழ 138 டிகிரியில் உருகும் பிஸ்மத்–வெள்ளீயக் கலவையைப் பெரும் அழுத்தத்தில் துளை வழியே கம்பியாகப் பிதுக்கினார். பிறகு மிக மெதுவாக இழுத்தார். அது 1,950 சதவீதம் நீண்டது. அதாவது 10 செ.மீ. துண்டு 2 மீட்டரைத் தாண்டும். நன்றாக நீளும் மென் எஃகே முப்பது, நாற்பது சதவீதத்தில் அறுந்துபோகும்.

வித்தியாசம் சேர்மானத்தில் இல்லை, பிதுக்கியதில் இருக்கிறது. உருக்கி வார்த்த கட்டியில் இரு உலோகங்களும் மெல்லிய அடுக்குகளாக உறைந்திருக்கும். பிதுக்கும்போது அடுக்குகள் நொறுங்கி, சில மைக்ரான் அளவே உள்ள உருண்டை மணிகளாகின்றன. இழுக்கும்போது, மூட்டைக்குள் நெல் இடம் மாறுவதுபோல, இந்த மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. நீண்ட கம்பியிலும் மணிகள் ஏறக்குறைய உருண்டையாகவே இருந்ததைப் பியர்சன் கண்டார். எனக்கு 1,950 என்ற எண்ணைவிட இதுவே பெரிய வியப்பு: கம்பி நீண்டது, மணி நீளவில்லை!

சாதாரணக் கம்பி ஓரிடத்தில் மெலிந்ததும் அங்கேயே அறுந்துவிடும். இங்கே அப்படி இல்லை. மெலியும் இடம் வேகமாக நீள முயல்கிறது. வேகம் கூடினால் இந்த உலோகத்தின் எதிர்ப்பும் கூடும். எனவே நீட்சி பக்கத்து இடத்துக்குத் தள்ளப்படுகிறது. வெடுக்கென்று இழுத்தால் இந்தக் குணம் போய்விடும். கம்பியை நெடுநாள் போட்டுவைத்தாலும் மணிகள் தாமாகவே பெருத்து, நீளும் திறன் குறையும்.

1945இல் சோவியத் நாட்டின் போச்வாரும் ஸ்விடெர்ஸ்காயாவும் துத்தநாக–அலுமினியக் கலவைகளில் இதே குணத்தைக் கண்டார்கள். இன்று இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, நுண்மணி கொண்ட டைட்டானியக் கலவைத் தகட்டை 900 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, வாயு அழுத்தத்தால் அச்சுக்குள் ஊதி விமான பாகங்களைச் செய்கிறார்கள்.