சுவரின் இன்னொரு பாதி

பாக்டீரியாவின் செல் சுவர் என்றாலே எல்லாப் புத்தகமும் பெப்டிடோகிளைக்கானைத்தான் சொல்லும். பெனிசிலின் கைவைப்பது அதன் கட்டுமானத்தில் என்பதால் அந்தப் புகழ் நியாயம்தான். ஆனால் பல கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களில் சுவரின் எடையில் ஏறக்குறைய பாதி வேறொரு பாலிமர். பேர் டெய்க்கோயிக் அமிலம். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் சுவரைப் பார்த்துவிடுவோம். 1884-ல் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறையில், ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொள்பவை கிராம் பாசிட்டிவ். காரணம், 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடித்த சுவர். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சரங்கள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் குட்டிக் குட்டி அமினோ அமிலத் தொடர்கள். மீன்வலை மாதிரி யோசிச்சுக்கோங்க. இதுதான் பெப்டிடோகிளைக்கான். செல்லுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 20 வளிமண்டலம். கார் டயரில் இருப்பதைவிட கிட்டத்தட்ட பத்து மடங்கு. வலையில் முடிச்சு விழாமல் போனால் செல் வெடித்துவிடும்.

இந்த வலையில் கோத்துத் தொங்குவதுதான் டெய்க்கோயிக் அமிலம். கிளிசரால் அல்லது ரைபிட்டால் என்ற சின்ன மூலக்கூறுகளை பாஸ்பேட் வைத்துக் கோத்த சங்கிலி. நம் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் இது ரைபிட்டால் வகை.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. ஜேம்ஸ் பேட்லி என்ற பிரிட்டிஷ் வேதியியலாளரின் குழு, பாக்டீரியாவில் இருந்து முதலில் பிரித்தெடுத்தது கச்சாப்பொருளை. சிடிபி-கிளிசரால், சிடிபி-ரைபிட்டால் என்று இரண்டு சேர்மங்கள். இவ்வளவு தயார்நிலையில் இருக்கிறதே, இதை வைத்து எதையோ கட்டுகிறதே என்று தேடிப் போனார்கள். 1958-ல் பாலிமர் அகப்பட்டது. சுவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து பேர் வைத்தார்கள்.

சரி, இது என்ன வேலை செய்கிறது? ஒவ்வொரு பாஸ்பேட்டிலும் எதிர் மின்னூட்டம் இருப்பதால், மெக்னீசியம் அயனிகளைச் சுவரில் பிடித்து வைக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு சிக்கல். நம் உடல் சுரக்கும் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகள் பெரும்பாலும் நேர் மின்னூட்டம் கொண்டவை. சுவரே அவற்றை இழுத்துவிடும். பாக்டீரியா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சங்கிலியில் ஆங்காங்கே டி-அலனினை ஒட்டிவிடுகிறது. அதன் நேர் மின்னூட்டம் பாஸ்பேட்டின் ஈர்ப்பைத் தணித்துவிடுகிறது. ஒட்டும் மரபணுக்களை நீக்கினால், அதே பாக்டீரியா அந்தப் பெப்டைடுகளிடம் சுலபமாக மாட்டிக்கொள்கிறது.

முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெனிசிலின் குடும்ப மருந்துகள் வலைக்கு முடிச்சுப் போடும் என்சைமை முடக்குபவை. எம்ஆர்எஸ்ஏ என்ற ஸ்டாஃபிலோகாக்கஸிடம் பிபிபி2ஏ என்று கூடுதலாக ஒரு என்சைம் இருக்கிறது. மருந்து இதில் சரியாக ஒட்டாது. முடிச்சு விழுந்துகொண்டே இருக்கும், மருந்து தோற்கும்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் டெய்க்கோயிக் அமில உற்பத்தியை நிறுத்திப் பார்த்தால், பிபிபி2ஏ கையில் இருந்தும் எம்ஆர்எஸ்ஏ பழைய மருந்துக்கே மடிகிறது. ரைபிட்டாலில் ஒட்டியிருக்கும் ஒரு குறிப்பிட்ட சர்க்கரையை மட்டும் எடுத்தாலே எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுகிறது. அதாவது, அந்த என்சைம் தனியாளாக ஜெயிக்கவில்லை. அதற்கு இந்தச் சங்கிலியின் துணை வேண்டும்.

இந்த உற்பத்தியை நிறுத்தும் டுனிகாமைசின் என்ற பொருளை நமக்கு மருந்தாகக் கொடுக்க முடியாது. மனித செல்களுக்கும் அது நஞ்சு. ஆனால் வழி புதுசு இல்லை. மருந்துக்கடையில் வாங்கும் 625 மாத்திரையில் 500 மில்லிகிராம் அமாக்சிசிலின், 125 கிளாவுலானிக் அமிலம். பின்னது கிருமியைக் கொல்வதற்காகச் சேர்த்ததில்லை, முன்னதைக் காப்பாற்றச் சேர்த்தது. டெய்க்கோயிக் அமிலத்தைத் தடுக்கும் பாதுகாப்பான துணைமருந்து ஒன்று கிடைத்தால், எம்ஆர்எஸ்ஏவிடம் தோற்றுப்போன பழைய மாத்திரைகள் சிலவற்றுக்கு மறுபடி வேலை கிடைக்கும்.