ஸ்டான்லி கோப்பையில் அடிக்கப்பட்ட ஒரு பெயர்... ஐஸ் ஹாக்கியின் 'வாயைத் திறக்காதே' கலாசாரம் மாறுகிறதா?

ஸ்டான்லி கோப்பைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐஸ் ஹாக்கியின் மிகப்பெரிய லீக்கான என்.ஹெச்.எல் தொடரில் ஜெயிக்கும் அணியின் வீரர்கள், பயிற்சியாளர்கள், நிர்வாகிகள் என எல்லோர் பெயரையும் அந்த வெள்ளிக் கோப்பையிலேயே பொறித்துவிடுவார்கள். 2010-ல் ஜெயித்தது சிகாகோ பிளாக்ஹாக்ஸ். அந்த அணியின் பட்டியலில் ஒரு பெயரை மட்டும் இப்போது படிக்க முடியாது. அதன் மேல் வரிசையாக 'எக்ஸ்' எழுத்துகளை அடித்திருக்கிறார்கள்.

இப்படி நடப்பது முதல்முறை அல்ல. 1984-ல் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் முதலாளி, அணிக்குச் சம்பந்தமே இல்லாத தன் அப்பாவின் பெயரையும் சேர்த்துவிட, அதையும் எக்ஸ் போட்டுத்தான் மறைத்தார்கள். அது சிரித்துவிட்டுப் போகிற கதை. சிகாகோவின் கதை அப்படியல்ல.

மறைக்கப்பட்டது அணியின் வீடியோ கோச் பெயர். ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுக் காட்டி வீரர்களைத் தயார் செய்கிறவர். கோப்பையிலேயே அழித்துவிட்டார்கள், நாமும் அந்தப் பெயரை எழுத வேண்டாம். 2010 மே மாதம், கைல் பீச் என்ற 20 வயது இளம் வீரரிடம் அவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்பது புகார். பீச் சாதாரண வீரர் அல்ல. 2008-ல் சிகாகோ அணி முதல் சுற்றிலேயே தேர்வுசெய்த நம்பிக்கை நட்சத்திரம். பிளே-ஆஃப் நேரத்தில் மாற்று வீரராக அணியோடு தங்கியிருந்தார்.

விஷயம் மேலே போனது. அரையிறுதியை ஜெயித்த மே 23 அன்றே அணியின் தலைவர், பொது மேலாளர், தலைமைப் பயிற்சியாளர் எல்லோரும் கூடிப் பேசினார்கள். ஆனால், இறுதிப்போட்டி முடியும்வரை எதுவும் நடக்கவில்லை. ஜூன் 9-ல் கோப்பை கைக்கு வந்தது. ஜூன் 14-ல்தான் மனிதவளத் துறைக்கே தகவல் போனது. விசாரணையா, ராஜினாமாவா என்று அந்த கோச்சிடமே கேட்டார்கள். அவர் ராஜினாமாவைத் தேர்ந்தெடுத்தார். கோப்பையில் பெயர் ஏறியது. கோப்பையைச் சொந்த ஊருக்கு எடுத்துப்போய்க் கொண்டாடவும் அனுமதித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, மிஷிகன் மாகாணத்தில் ஒரு பள்ளி மாணவனிடம் அத்துமீறிய வழக்கில் அவர் சிறைக்குப் போனார்.

இந்த நாள் கணக்கெல்லாம் 2021 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அறிக்கை வந்த மறுநாள், அதுவரை நீதிமன்ற ஆவணங்களில் 'ஜான் டோ' என்ற புனைபெயரில் மட்டுமே இருந்த பீச், டி.எஸ்.என் தொலைக்காட்சியில் முகம் காட்டினார். அந்தப் பேட்டியில், தான் மேலும் போராடியிருந்தால் மிஷிகன் பையனுக்கு இது நடந்திருக்காதே என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வேறு யார் யாரோ!

அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம். பொது மேலாளர் ஸ்டான் போமன் பதவி விலகினார். அதற்குள் ஃபுளோரிடா அணிக்கு மாறியிருந்த தலைமைப் பயிற்சியாளர் ஜோயல் குவென்வில்லும் விலகினார்.

ஏன் யாருமே வாயைத் திறக்கவில்லை?

இந்த விளையாட்டில் ஒரு பையன் எப்படி மேலே வருகிறான் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். கனடாவில் திறமையான பையன்களை 15, 16 வயதிலேயே ஜூனியர் அணிகள் எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் வேறு ஊர். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, பள்ளிக்கும் போய், வாரம் முழுக்க அணி பஸ்ஸில் அலைய வேண்டும். அடுத்த ஆட்டத்தில் ஐஸில் இறங்குவானா, பெஞ்சில் உட்காருவானா என்பதை முடிவு செய்வது கோச். என்.ஹெச்.எல் அணிகள் 'பையன் எப்படி?' என்று விசாரிப்பதும் அதே கோச்சிடம். 'பிரச்னை பண்ணுகிறவன்' என்ற பெயர் வந்துவிட்டால் கதை முடிந்தது.

அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு கிரஹாம் ஜேம்ஸ் உதாரணம். சஸ்காச்சுவான் மாகாணத்தின் ஸ்விஃப்ட் கரன்ட் என்ற சின்ன ஊர் அணியின் கோச். 1986 டிசம்பர் 30 அன்று அணி பஸ் கவிழ்ந்து நான்கு வீரர்கள் இறந்தார்கள். தப்பிய பையன்களுக்கு மனநல ஆலோசனை வேண்டாம் என்று தடுத்தவர் இவர். 'நாமே பார்த்துக்கொள்வோம்' என்றபோது ஊரே அதை மன உறுதி என்று பாராட்டியது. 1989-ல் ஒரு ஹாக்கி பத்திரிகை அவரை ஆண்டின் சிறந்த மனிதராகவும் தேர்ந்தெடுத்தது. வெளியாள் யாராவது அந்தப் பையன்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன வெளிவந்திருக்கும் என்பது 1996-ல் தெரிந்தது. அந்த பஸ்ஸில் இருந்த ஷெல்டன் கென்னடி, என்.ஹெச்.எல் வீரராக வளர்ந்த பிறகு, 14 வயதிலிருந்தே ஜேம்ஸ் தன்னிடம் அத்துமீறிவந்ததை போலீஸில் சொன்னார். ஜேம்ஸுக்குக் கிடைத்தது மூன்றரை ஆண்டு சிறை.

கோச் மட்டுமல்ல, சீனியர்களும் உண்டு. நம் கல்லூரிகளில் ராகிங் என்போமே, அது ஜூனியர் ஹாக்கியில் 'அணி ஒற்றுமை'க்கான சடங்காகவே நடந்தது. 2005-ல் வின்ட்சர் அணியில், புதுப் பையன்களின் உடைகளைக் களைந்து பஸ் கழிவறைக்குள் அடைத்தார்கள். முடியாது என்று மறுத்தவர், நைஜீரியாவில் பிறந்த 16 வயது அகிம் அலியு. பிறகு பயிற்சியின்போது சக வீரர் ஒருவர் ஸ்டிக்கால் முகத்தில் அடித்ததில் அலியுவின் பற்கள் போயின.

பின்னாளில் ஒரு கோச் தன்னை நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசியதை அலியு வெளியே சொல்லப் பத்து ஆண்டுகள் ஆயின. 2019-ல் அவர் சொன்ன சில நாள்களில், கால்கரி அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பில் பீட்டர்ஸ் பதவியை விட்டார். கேலரியிலும் இதே கதைதான். நம் தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவில் பிறந்த கறுப்பின வீரர் வெய்ன் சிம்மண்ட்ஸ், 2011-ல் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பக்கை எடுத்துக்கொண்டு போகும்போது வாழைப்பழத்தை வீசினார் ஒரு ரசிகர். தண்டனை, 200 டாலர் அபராதம்!

பெற்றோர் கட்டிய பணம்

கனடாவை உலுக்கியது 2022. ஜூனியர் உலகக்கோப்பையை ஜெயித்த 2018 அணியின் வீரர்கள் சிலர் மீது ஒரு பெண் பாலியல் வன்முறை வழக்குப் போட, 'ஹாக்கி கனடா' அமைப்பு சத்தமில்லாமல் பணம் கொடுத்து முடித்தது தெரியவந்தது. (கிரிமினல் வழக்கில் ஐந்து வீரர்களையும் 2025 ஜூலையில் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது.) ஆனால், மக்களைக் கோபப்படுத்தியது இன்னொரு விஷயம். இப்படிப்பட்ட இழப்பீடுகளுக்காகவே அமைப்பிடம் ஒரு நிதி இருந்தது. 1989 முதல் பாலியல் புகார்கள் தொடர்பான ஒன்பது சமரசத் தீர்வுகளுக்கு அதிலிருந்து போனது 76 லட்சம் டாலர். பெரும்பகுதி ஜேம்ஸால் பாதிக்கப்பட்டவர்களுக்கு. அந்த நிதிக்கு வந்த பணம், ஐந்து வயதுக் குழந்தையை ரிங்க்குக்கு அழைத்துப்போகிற பெற்றோர் கட்டும் பதிவுக் கட்டணம்!

அரசு நிதியை நிறுத்தியது. ஸ்பான்சர்கள் விலகினார்கள். 2022 அக்டோபரில் தலைமை நிர்வாகியும் இயக்குநர் குழு மொத்தமும் வெளியேற வேண்டியதாயிற்று. பல ஆண்டு நாடாளுமன்றப் பேச்சு செய்யாததை ஸ்பான்சர்கள் சில வாரங்களில் செய்தார்கள் என்றே தோன்றுகிறது.

கீழ்மட்டத்தில் வேலை முன்பே தொடங்கியிருக்கிறது. கென்னடி இணைந்து தொடங்கிய அமைப்பின் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் கனடாவின் பல பகுதிகளில் ஒருவர் கோச் ஆக முடியும். கியூபெக் ஜூனியர் லீக், கைகலப்பில் இறங்குகிறவர்களை 2023 முதல் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுகிறது. என்.ஹெச்.எல்-லில் இன்றும் அதற்கு ஐந்து நிமிடத் தண்டனை மட்டும்தான்.

மேல்மட்டம்? போமன், குவென்வில் இருவரும் லீக்குக்குத் திரும்பலாம் என 2024 ஜூலையில் என்.ஹெச்.எல் அனுமதித்தது. அதே மாதம் போமன் எட்மன்டனின் பொது மேலாளர். 2025 மே மாதம் குவென்வில் அனாஹெய்ம் அணியின் தலைமைப் பயிற்சியாளர். மூன்றாண்டு வெளியே இருந்தது போதும் என்பவர்களும் உண்டு. ஆனால், வேலை கொடுத்த அணிகள் தேடியது அவர்களிடம் இருந்த வெற்றிக் கணக்கை. 2010-ல் அந்த அறைக்குள் இருந்தவர்கள் பார்த்ததும் அதே கணக்கைத்தான்.

கைல் பீச் என்.ஹெச்.எல்-லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பேட்டி கொடுத்த ஆண்டில் ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு கனடா திரும்பி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் டிரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். அங்கே அவரிடம் கற்றுக்கொள்ள வந்த மாணவர்களுக்கும் ஏறக்குறைய இருபது வயதுதான்.