அயலார் வாயிலும் நம் நாயும்

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. கி.பி. 7 ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நாட்டப்பெற்ற கல் அது. அதில் வீரன் ஒருவனும் அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கக் காணலாம். அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரை அது கடித்த செய்தியைக் கல்வெட்டு குறிக்கின்றது. வளர்த்தவனிடம் நன்றி காட்டிய நாய்க்கு நம் முன்னோர் செய்த சிறப்பு எத்துணைப் பெரிது!

ஆயினும் ஒன்று சிந்திப்போம். கோவிவன் கடித்தது கள்வரை. தெருவில் நடந்து சென்ற அயலாரைக் கடித்திருந்தால் அதற்குக் கல் நாட்டியிருப்பார்களா? நன்றி நாயின் இயல்பு. ஆனால் எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்னும் அறிவு நாய்க்கு இல்லை. அவ்வறிவு வளர்ப்பவரிடமே இருத்தல் வேண்டும்.

மேலை நாடுகளில் வீட்டின் முன்னே புல்வெளி அமைத்து அதனைக் கண்போற் காப்பர். பிறர் நாய் அதில் மலம் கழித்தால் அண்டை வீட்டாரிடையே பூசல் எழும். வடசென்னையில் நமக்குப் புல்வெளி ஏது என்று சிலர் வினவலாம். இராயபுரத்தின் சந்துகளில் வீட்டுப் படியும் தெருவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே பெண்கள் விடியலில் எழுந்து, பெருக்கி, நீர் தெளித்துக் கோலமிடும் நான்கு முழ நிலமே அவர்கள் புல்வெளி. காசிமேட்டில் மீனவர் அமர்ந்து வலை செப்பனிடும் இடமும், கடற்கரை மணலில் கருவாடு உலர்த்தும் இடமும் அத்தகையனவே. நிலம் சிறிதாயின் அதன் அருமை மிகும். இட்ட கோலம் உலருமுன் பிறர் நாய் அதனை அசுத்தம் செய்தால், அவ்வில்லத்தார் மனம் எவ்வளவு வருந்தும்!

கேடு அருவருப்போடு முடிவதில்லை. நாயின் மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். ஈரமும் வெப்பமும் உள்ள மணலில் அவை நுண்புழுக்களாகப் பொரிகின்றன. வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, வளைந்து நெளியும் தடிப்பையும் கடும் அரிப்பையும் உண்டாக்குகின்றன. உருளைப்புழுவின் முட்டைகளோ மண்ணில் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். மண்ணில் விளையாடிய குழந்தை கைகழுவாது உண்டால், அவை வயிற்றினுட் சென்று, சிற்சிலரின் கண்ணையும் கெடுப்பதுண்டு. இவையன்றி, நாம் விட்டுச் சென்ற அசுத்தத்தை மறுநாட் காலையில் அள்ளுபவர் யார்? நம்மைப் போன்ற மனிதராகிய தூய்மைப் பணியாளரே அல்லரோ?

அமெரிக்காவின் நியூயார்க்கு நகரத்திலும் ஒரு காலத்தில் நடைபாதைகள் நாய் மலத்தால் பாழ்பட்டுக் கிடந்தன. 1978 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் நாயின் மலத்தை வளர்ப்பவரே அகற்ற வேண்டும் என்னும் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. நாளடைவில் அது மக்களின் பழக்கமாயிற்று. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதோ?

நாயை உலவ அழைத்துச் செல்வோர் கழுத்துவாரைக் கையிற் குறுகப் பிடித்தல் வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்குப் பெட்டக லாரிகள் ஓயாது செல்கின்றன. ஆதலின் அவ்வார் பிறருக்கு மட்டுமன்றி நாய்க்கும் காப்பாகும். பழைய தாள் அல்லது பையும், ஒரு புட்டி நீரும் உடன் கொண்டு செல்க. நாய் மலம் கழித்தால் உடனே அள்ளிப் பொதிந்து, குப்பைத் தொட்டியில் சேர்க்க. சிறுநீர் கழித்த இடத்தில் நீர் ஊற்றுக. பிறர் வாயில், கோயில் முன்றில், சிறுவர் விளையாடும் இடம், மீன் உலர்த்தும் மணல் ஆகியவற்றை விலகிச் செல்க. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகளில் இரவு முழுதும் உழைத்துப் பகலில் உறங்குவோர் பலர். அவர் சன்னலருகே நாயைக் குரைக்க விடாதிருத்தலும் நற்பண்பே.

எதிரே வருபவர் நாயைக் கண்டு அஞ்சினால், "ஒன்றும் செய்யாது" என்று கூறி நகைத்தல் தகாது. அச்சொல் கூறுபவருக்கு ஆறுதல், கேட்பவருக்கு அன்று. தெருவின் மறுபுறம் விலகிச் செல்வதே பண்பு. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில், வளர்ப்பு நாய்கள் இரண்டு 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் கொடிய காயம் விளைவித்தன. தன் வசமுள்ள விலங்கால் பிறர்க்கு ஆபத்து நேராதவாறு காக்கத் தவறுவோர்க்கு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291 ஆம் பிரிவு இடமளிக்கின்றது. வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுதலைச் சென்னை மாநகராட்சியும் கட்டாயமாக்கியுள்ளது.

வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைத்தோர் மிக அரியர். ஆதலின் ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதியாது அரசு மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

அண்டை வீட்டார்க்கும் கடமை உண்டு. கட்டியுள்ள நாயைச் சீண்டுவதும், கல்லெறிவதும் கொடுமையாகும். குறை கண்டால் நாயை அடியாது, வளர்ப்பவரிடம் இன்சொல்லால் எடுத்துரைத்தல் வேண்டும்.

மாணவர்களே! நம் இல்லத்து நாயைத் தெருவார் அன்புடன் நோக்குவதும் வெறுப்புடன் நோக்குவதும் நம் கையில் உள்ளன. வாய் பேசா உயிரை வளர்ப்பவர் அதன் பசிக்கு மட்டுமன்றி, அதன் பழிக்கும் பொறுப்பாவார். அயலார் வாயிலைத் தம் வாயில் போல் எண்ணுவோர் கையிலேயே நாயின் கழுத்துவார் இருக்கத் தகும்.